வாய்க்கூடை

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் போனில் என் எண்ணை முடக்கி வைத்திருக்கிறாய். தபால்காரரை அப்படி முடக்க முடியாது என்பதால் இந்தக் கடிதம். எப்படியும் இந்தப் பண்ணை ஒரு பள்ளத்துக்குள்தான் இருக்கிறது. சிக்னல் வேண்டுமென்றால் தார்ச்சாலை வரை இருபது நிமிடம் மேடேறி நடக்க வேண்டும். நீ எடுக்கமாட்டாய் என்று தெரிந்தே அவ்வளவு தூரம் நடக்க எனக்குக் காலில் தெம்பு இல்லை.

விமான நிலையத்துக்கு நீ வரவில்லை. "அவளுக்கு இன்னிக்கு டூட்டிடி" என்றாள் அம்மா. உன் டூட்டி அட்டவணை எனக்கு மனப்பாடம், அக்கா. அன்று உனக்கு விடுமுறை.

ஆஸ்பத்திரி லேபில் பெரிய சிஸ்டரிடம் நீ கெஞ்சி வாங்கித் தந்த வேலையை ஏழே மாதத்தில் விட்டேன். உன் முகத்தில் கரியைப் பூசிவிட்டதாகச் சொன்னாய். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரத்தக் குப்பிக்கு நம்பர் ஒட்டி ஒட்டி, ஒரு நாள் வீட்டு ஊறுகாய் ஜாடியிலும் நம்பரைத் தேடினேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

இங்கே என்ன செய்கிறேன் என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். லாயத்தில் பன்னிரண்டு தடுப்புகள். ஆறு என்னுடையவை. மீதி ஆறு இன்னொரு பயிற்சிப் பெண்ணுடையவை. எப்போதும் சிவப்புத் தொப்பியோடு திரிவதால் அவளுக்குச் சிவப்புத் தொப்பி என்று பெயர் வைத்திருக்கிறேன். நனைந்த வைக்கோலை வாரித் தள்ளுவண்டியில் போட்டு, லத்தியை அள்ளி, தண்ணீர் வாளிகளைத் தேய்த்து நிரப்பி, குளம்புக்குள் அடைத்திருக்கும் மண்ணைக் கொக்கியால் நோண்டி எடுக்க வேண்டும். சாணி என்று சொல்லிவிடாதே. மாடு போட்டால் சாணி, குதிரை போட்டால் லத்தி. ஏழு மாதம் லேபில் கற்றுக்கொள்ளாத நுணுக்கம் இது.

ஆறு மாதம் இங்கேயே தங்கிப் பயிற்சி. ஒழுங்காக முடித்தால் லாயப் பராமரிப்பாளர் என்று சான்றிதழ் தருவார்கள். பிடித்துப்போனால் வேலையும் இங்கேயே. நடுவில் பெரிய தப்பு ஏதாவது செய்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பண்ணைக்காரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "இங்க யாரும் கத்த மாட்டாங்க. கிளம்புன்னு ஒரே வார்த்தைதான்."

இரண்டு கையிலும் சேர்த்து எட்டுக் கொப்புளம். ஆனால் நேற்று ஒரு பெரிய கறுப்புக் குதிரை, ஐந்நூறு கிலோ இருக்கும், நான் முழங்காலுக்குக் கீழே தொட்டதும் தானே காலைத் தூக்கி என் மடியில் வைத்தது. என்னை நம்பி வைத்தது, அக்கா. பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு இவ்வளவு கர்வம் வரவில்லை.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் தங்கை


மார்ச் 24

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவளுக்கு,

திட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். அந்த ஆசையை நிறைவேற்றுகிறேன்.

உன் கடித உறையைப் பிரித்ததும் ஒரு வாடை வந்தது. காகிதத்தில் குதிரை வாடை. சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினேன். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அதை வாங்கி மூக்குக்கிட்ட வைத்து முகர்ந்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அந்தத் தலையணை உறையை நான்தான் துவைக்க வேண்டும்.

கிருமியை உருப்பெருக்கியில் பார்க்கப் படித்தவள் லத்தி அள்ளுகிறாள் என்று நான் எந்த வாயால் சொல்வது? வார்டில் எல்லோரும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் பெரிய லேபில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தயவுசெய்து தள்ளுவண்டியோடு நிற்கிற படம் எதையும் யாருக்கும் அனுப்பித் தொலைக்காதே. ஒரு பொய்க்கு ஒன்பது பொய் சொல்ல எனக்கு நேரம் இல்லை.

எனக்கு இங்கே வேலை தலைக்கு மேல். ஆபரேஷனுக்கு முந்தைய வார்டை ஏப்ரலிலிருந்து என் பொறுப்பில் விடுகிறார்கள். வார்டு பொறுப்பு சிஸ்டர் என்று தோளில் பட்டை வரும். பதினோரு வருடத்தில் வருகிற பட்டை. நீ இங்கே இருந்தால் நீதான் குத்திவிடுவாய். நோயாளிகள் எனக்கு ஏற்கெனவே ஒரு பட்டம் கொடுத்துவிட்டார்கள், 'தண்ணி தராத சிஸ்டர்'. ஆபரேஷனுக்கு முன்னால் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியவர்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகவிடாமல் காவல் நிற்கிறேன் அல்லவா, அதற்கு. ஒரு பெரியவர் நேற்று, "நீ நல்லாவே இருக்க மாட்டே" என்று சாபமே விட்டார். இன்று ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறார். மனசாட்சியே இல்லாமல் பழரசம் கேட்கிறார்.

கொப்புளத்தை உடைக்காதே. மேல்தோலைப் பிய்க்காதே. கழுவி, துணி சுற்றி, கையுறை போட்டு வேலை செய். அக்கறையில் சொல்லவில்லை, சீழ் பிடித்துத் திரும்பி வந்தால் நான்தான் பார்க்க வேண்டும்.

அக்கா
(டூட்டி இல்லாத நாளில் எழுதியது)


ஏப்ரல் 6

தோளில் பட்டை வாங்கிய அக்காவுக்கு,

கடைசி வரியைப் படித்துவிட்டு லாயத்துக்குள் உட்கார்ந்து சிரித்தேன். சிவப்புத் தொப்பி எட்டிப் பார்த்து, "நல்ல சேதியா?" என்றாள். "எங்கக்கா திட்டியிருக்கா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

நீ பட்டை வாங்கும்போது நான் அங்கே இல்லை. அது எனக்கு வருத்தம்தான். நீ எப்படி நின்றிருப்பாய் என்று தெரியும். மோவாயைத் தூக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருப்பாய்.

கொப்புளம் காய்ந்து காய்ப்பாகிவிட்டது. இப்போது ஆறு தடுப்பையும் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிக்கிறேன். போன வாரம் லாடம் அடிக்க வந்தவர், மிரளுகிற குதிரை ஒன்றைப் பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டார். பண்ணைக்காரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் அது பாராட்டு என்று சிவப்புத் தொப்பி சொல்கிறாள்.

உனக்கு ஒருத்தியை அறிமுகம் செய்ய வேண்டும். மட்டக்குதிரை, என் இடுப்பு உயரம்தான் இருப்பாள். உருண்டு திரண்டிருப்பதால் நான் பூசணி என்கிறேன். மற்ற குதிரைகளோடு இவளும் மேய்ச்சலுக்குப் போகிறாள், ஆனால் வாயில் கூடை. நம் பக்கம் மாட்டுக்குக் கட்டுவார்களே, அதே மாதிரி. அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரே ஓட்டை. அதன் வழியாக எத்தனை புல் நுழையும் சொல். மழை பெய்து புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. மற்றவையெல்லாம் கறக் கறக்கென்று மேய்கின்றன. இவள் மட்டும் கூடையைத் தரையில் தேய்த்துக்கொண்டு அவற்றின் வாயைப் பார்த்து நிற்கிறாள். ஏன் என்று கேட்டேன். "குண்டாயிடுச்சு, அதான்" என்றாள் சிவப்புத் தொப்பி.

குண்டாக இருந்தால் பட்டினி போடுவதா? நம் வீட்டில் ஒருத்தரை உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிட்டதுண்டா? ஒரு நாள் கூடையைக் கட்டியிருக்கும் தோல் வாரை நான் பிடித்ததும் பூசணி என் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் மேய்ச்சலில் நான் மட்டும்தான் இருப்பேன். அப்போது என்ன செய்யப்போகிறேன் என்று நீ கேட்காதே.

உன் தங்கை


ஏப்ரல் 17

ஏய்,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. உடை மாற்றக்கூட இல்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன்.

அந்தக் கூடையைக் கழற்றாதே. அதை யார் போடச் சொன்னார்கள், எதற்காகப் போடச் சொன்னார்கள் என்று பண்ணைக்காரம்மாவிடமே போய்க் கேள். எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வாயைக் கட்டி வைத்திருந்தால் அதற்குப் பின்னால் ஒரு டாக்டர் இருப்பார் என்று தெரியும். பாவம் பார்க்கிறேன் என்று நோயாளிகளின் சொந்தக்காரர்கள் முந்தானையில் மறைத்து எடுத்து வருகிற சாப்பாட்டைப் பிடுங்குவதே எனக்குப் பாதி வேலை.

போனில் உன் எண்ணைத் திறந்து அழைத்துப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. பள்ளத்தில் பண்ணை வைத்தவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

கழற்றாதே.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

இதை நான்கு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

பூசணியின் கூடையை ஆறு நாள் மதியம் அரை மணி நேரம் கழற்றிவிட்டேன். ஏழாம் நாள் காலை, ஏப்ரல் 14, அவள் தடுப்பை விட்டு வெளியே வரவில்லை. முன்னங்கால்களை நீட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னங்காலில் போட்டுச் சாய்ந்து நின்றாள். குளம்பில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது.

டாக்டர் வந்தார். மழைக்குப் பின் வருகிற இளம்புல்லில் சர்க்கரை அதிகமாம். இவளைப் போன்ற உடம்புக்கு அது விஷமாம். குளம்புக்குள் வீக்கம் வந்து, முற்றினால் உள்ளே இருக்கும் எலும்பே இடம் பெயர்ந்துவிடுமாம். அப்படியானால் அவளை ஊசி போட்டு முடிக்க வேண்டியதுதான். போன வருடமே ஒரு தரம் இது வந்து பிழைத்திருக்கிறாள். அதனால்தான் கூடை. நான் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாரையும்விட இரக்கம் அதிகமாயிற்றே.

பண்ணைக்காரம்மா கூடையை எடுத்துப் பார்த்தார். வாரின் கொக்கி மூன்றாம் துளையில் இருக்க வேண்டியது, இரண்டாம் துளையில் இருந்தது. நான் அவசரத்தில் திரும்ப மாட்டியது. ஆனால் காலையில் கூடை மாட்டுவது சிவப்புத் தொப்பியின் வேலை. அவர் அவள் பக்கம் திரும்பி, "தளர்வா மாட்டியிருக்கே. கழண்டு கழண்டு மேஞ்சிருக்கு. கிளம்பு" என்றார். நீ நம்பமாட்டாய், அவள் வாதாடவே இல்லை. தன் மேல்தான் தப்பு என்று நம்பிவிட்டாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்றுதான் அவள் தலைமுடியையே பார்த்தேன்.

என் கையில் தண்ணீர் வாளி. அக்கா, உண்மையைச் சொல்கிறேன், லாயத்துக்கு மேலே இருக்கும் எங்கள் அறைக்கு அவள் மாடிப்படி ஏறிப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும். இன்னும் நான்கு மாதத்தில் சான்றிதழ். இதற்காகத்தானே உன்னைப் பகைத்துக்கொண்டு வந்தேன். முழுப் பூசணியையும் அந்தப் பத்து நிமிடம் சோற்றில் மறைத்து வைத்திருந்தேன்.

பிறகு வாளியை வைத்துவிட்டுப் போய்ச் சொன்னேன். ஆறு நாளும், அரை மணிக் கணக்கும், துளையும், எல்லாம். அவர் பூசணி பக்கம் கை நீட்டினார். "அஞ்சு வாரம் கழிச்சு டாக்டர் வந்து இவளை நடக்கவிட்டுப் பாப்பார். அதுவரைக்கும் இவ உன் பொறுப்பு. நொண்டாம நடந்தா இரு. இல்லேன்னா கிளம்பு" என்றார். சிவப்புத் தொப்பியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

மூன்று நாள் பூசணியின் கால்களைப் பனிக்கட்டி வாளியில் நிறுத்திவைத்தேன். இப்போது தடுப்பில் முழங்கால் ஆழத்துக்கு மரத்தூள் போட்டிருக்கிறேன். காய்ந்த புல்லை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரையைக் கழுவி, எடை போட்டுக் கொடுக்கிறேன். இன்னும் வேண்டும் என்று பார்க்கிறாள். கொடுப்பதில்லை. இப்போது என் பெயரும் தண்ணி தராத சிஸ்டர் மாதிரிதான்.

அம்மாவிடம் சொல்லாதே.

தங்கை


மே 3

அன்புள்ள தங்கைக்கு,

அன்புள்ள என்று எழுதியிருக்கிறேன், கவனி.

உன் கடிதத்தை எங்கள் உடை மாற்றும் அறையில் நின்று படித்தேன். 'பத்து நிமிடம்' என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். உன்னைத் திட்ட எனக்கு ஆயிரம் சொல் தயாராக இருந்தது. ஒன்றும் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் பயிற்சியில் இருந்தேன். இதே வார்டு. ஆபரேஷனுக்கு இருந்த ஒரு பெண்மணி, "நாக்கு ஒட்டுதும்மா, ஒரு வாய் குடும்மா" என்று காலையிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அரை டம்ளர் கொடுத்தேன். இரக்கம்தான். மயக்க மருந்து கொடுத்தபோது வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போய்விட்டது. மூன்று நாள் உயிருக்குப் போராடிப் பிழைத்தார். யார் தண்ணீர் கொடுத்தது என்று விசாரணை வந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் ஜாடியை வைத்துப் போனது வார்டு ஆயாம்மா. பழியை அவர் மேல் போட்டு, வார்டிலிருந்து எடுத்து, பின்கட்டுச் சலவைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நான் அங்கேதான் நின்றேன். உனக்குப் பத்து நிமிடம். எனக்குப் பதினோரு வருடம்.

தண்ணீர் ஜாடிக்குக் காவல் நிற்பதற்கு இதுதான் காரணம். கடமை என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். பட்டையும் குத்தினார்கள்.

நேற்றுச் சலவைக்கூடத்துக்குப் போனேன். நீராவியில் ஆயாம்மா படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அழுவார், அல்லது கட்டிக்கொள்வார் என்று எதை நினைத்துப் போனேனோ தெரியவில்லை. அவர் மடிப்பதை நிறுத்தவே இல்லை. "இத்தன வருஷம் கழிச்சு என் காதுல வந்து ஓதுறியே, என் காது செஞ்ச தப்பா? அன்னிக்கு எழுதி வச்சாங்களே ஒரு தாளு, அதுல என் பேரு இருக்கு. அங்க போய்ச் சொல்லு" என்றார். இன்னும் இரண்டு மாதத்தில் அவருக்கு ஓய்வாம். "பேரு கெட்டுப் போய் வீட்டுக்குப் போகணுமேன்னுதான் இருந்தேன்" என்றார்.

நான் இன்னும் போகவில்லை. பெரிய சிஸ்டரின் அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். பட்டை போய்விடும், அது நிச்சயம். வேலையே போகலாம். சின்னவள் நீ பத்து நிமிடத்தில் தாண்டியதை என்னால் தாண்ட முடியவில்லை. உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. என்னை நினைத்து வெட்கமாக இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் தாங்க முடியவில்லை.

பூசணி எப்படி இருக்கிறாள்?

அக்கா


மே 21

அக்கா,

முதலில் பூசணி. பிறகு நீ.

நேற்று முன்தினம் காலை பத்து மணிக்கு டாக்டர் வந்தார். நான் ஐந்து மணிக்கே போய் அவளைத் தேய்த்து, பிடரியைச் சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளையைப் போலத் தயார் செய்துவிட்டேன். ஐந்து வாரத்தில் நல்ல இளைப்பு. பெயரை மாற்ற வேண்டியதுதான், புடலங்காய் என்று. லாடக்காரரும் வந்து நின்றார். சிவப்புத் தொப்பி வேலியில் சாய்ந்து நின்றாள்.

முதலில் மண்ணில் நடத்தினேன். நன்றாக நடந்தாள். பிறகு கல் பாவிய முற்றத்தில் நடத்தச் சொன்னார்கள். குளம்பில் வலி இருந்தால் கல்லில்தான் தெரியும். கயிற்றைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும், இழுக்கக் கூடாது. என் பயம் கயிறு வழியாக அவளுக்குப் போயிருக்கும். நின்றுவிட்டாள். அவள் என் வயிற்றில் நெற்றியை ஒரு முட்டு முட்டிவிட்டு, டக் டக்கென்று நடந்தாள் அக்கா. நாலு காலும் ஒரே தாளத்தில். முற்றத்தின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தாள். டாக்டர் குளம்பைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.

பண்ணைக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் புதுக் கூடை ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "மூணாவது துளை" என்றார். நானே மாட்டினேன். பூசணி தலையைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் மாட்டினேன். இனி இது தினமும் என் வேலை. சான்றிதழ் கிடைக்கும்போதுகூட இவ்வளவு நிமிர்ந்து நிற்பேனா தெரியாது.

சாயங்காலம் சிவப்புத் தொப்பி என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "உங்கக்கா இப்பவும் திட்டி எழுதுறாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஏதோ பிரச்சினை" என்றாள். முப்பத்தைந்து நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

இப்போது நீ. அந்த அறைக்குள் போ என்று நான் சொல்லமாட்டேன். உனக்குச் சொல்ல நான் யார்? நான் பத்து நிமிடத்தில் சொன்னதற்குக் காரணம் வீரம் இல்லை, பெட்டி இழுக்கும் சத்தம் தலைக்கு மேலேயே கேட்டது. உனக்குச் சலவைக்கூடம் பின்கட்டில் இருந்ததால் கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போது கேட்டுவிட்டது. என்னை முதுகில் தூக்கி வளர்த்தவள் நீ, அந்த முதுகு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். நீ எதைச் செய்தாலும் அம்மாவிடம் நான் உன் பக்கம்தான் நிற்பேன்.

உன் தங்கை


ஜூன் 4

அன்புள்ள குதிரைக்காரிக்கு,

கொடுத்துவிட்டேன். எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு. உன் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்னாலேயே. உன் பேச்சைக் கேட்டுச் செய்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே.

பெரிய சிஸ்டர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இப்ப எதுக்கும்மா இது?" என்றார். "அந்தத் தாள்ல தப்பான பேரு இருக்கு சிஸ்டர்" என்றேன். வேலை தப்பியது. பட்டை போய்விட்டது. பழையபடி சாதாரண சிஸ்டர், அதே வார்டில், நேற்றுவரை எனக்குக் கீழே இருந்தவளுக்குக் கீழே. பட்டையை நானே கழற்றிக் கொடுத்தேன். சட்டையில் இரண்டு ஊசி ஓட்டை இருக்கிறது. அதைத் தைக்கப் போவதில்லை.

ஆயாம்மாவை வார்டுக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள், ஓய்வு வரை. முதல் நாள் வந்ததும் தண்ணீர் ஜாடியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "இத நீயே வை. எனக்கு உன்மேல இன்னும் கோவம்தான்" என்றார். வைத்தேன். மதியம் அவர் சாப்பாட்டைப் பிரித்து என் பக்கம் கொஞ்சம் தள்ளினார். கோபம் கோபமாகவே இருக்கிறது, சாப்பாடு மட்டும் வருகிறது.

அம்மாவிடம் நானே சொன்னேன், நீ சொல்லாதே என்றதையும் சேர்த்து. "ரெண்டு பேரும் என் வயித்துலதான் பொறந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். திட்டா பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

இன்று உன் கடிதம் வந்தது. சாப்பிடும் அறையில், எல்லா சிஸ்டர்களும் ஆயாம்மாவும் சுற்றி இருக்கும்போதே பிரித்தேன். புதுப் பொறுப்பு சிஸ்டர் மூக்கைச் சுளித்தாள். "என்ன வாடை இது? ஏதாவது கெட்டுப்போச்சா?"

"குதிரை வாடை" என்றேன். "என் தங்கச்சி குதிரைப் பண்ணையில இருக்கா. லத்தி அள்ளுறா. நடக்க முடியாத குதிரை ஒண்ணக் கல்லுல நடக்க வச்சிருக்கா."

"லேபுலன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்" என்றேன். வாய் பழகிவிட்டது, இப்போதெல்லாம் உண்மை சுலபமாக வருகிறது. அவர்கள் கேட்கக் கேட்க முற்றத்தில் நடந்ததை உரக்கப் படித்துக் காட்டினேன். டக் டக் என்ற இடத்தில் ஆயாம்மா மேசையில் தாளம் போட்டார்.

தள்ளுவண்டியோடு ஒரு படம் எடுத்து அனுப்பு. பூசணியும் அதில் இருக்க வேண்டும், கூடையோடு. நீ திரும்பி வருகிற நாளை முன்கூட்டியே சொல், விடுமுறை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு நான் வருகிறேன்.

உன் எண்ணைத் திறந்தது திறந்தபடியே இருக்கிறது. மேடேறிப் போகும்போது கூப்பிடு. ஆனாலும் கடிதம் எழுதுவதை நிறுத்தாதே. போனில் வாடை வராது.

உன் அக்கா